பழைய ரெக்கவரி வண்டி கிட்: பெட்டி வாங்குவதிலிருந்து ஒயர் ரோப் வரை

கேபின் பளபளவென்று வந்திருக்கும். பின்னால் பூமிலிருந்து (பாரம் தூக்கும் கை), ஒயர் ரோப்புக்குப் பதிலாக மாட்டிய தையல் நூல் ஒன்று பஞ்சு பிரிந்து தொங்கும். ரெக்கவரி வண்டி, அதாவது பழுதான வண்டிகளைத் தூக்கி இழுக்கும் வண்டியின் மாடல், பொம்மையாகிப்போவது அந்த இடத்தில்தான். ஆகவே கிட் (ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் பாகங்களின் பெட்டி) தேர்வையும் ஒட்டும் வரிசையையும் பின்பக்கத்தை மனதில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

எர்னஸ்ட் ஹோம்ஸ் 1916-ல் அமெரிக்காவின் சட்டனூகாவில், 1913 காடிலாக் ஒன்றின் மேல் கம்பங்களும் கப்பியும் சங்கிலியும் பூட்டினார். பிறகு அவர் பெயரில் வந்த இரட்டை பூம் கருவிகள்தான் மாடல் கட்டுபவர்களுக்குப் பெரிய விருந்து. 1/35-ல், அதாவது நிஜ அளவில் 35-ல் ஒரு பங்கில், மிரர் மாடல்ஸ் நிறுவனத்தின் டயமண்ட் டி 969ஏ கிட்டில், இரண்டாம் உலகப் போர்க்கால ஹோம்ஸ் டபிள்யூ-45 கருவி வருகிறது. 1/25-ல் ஏ.எம்.டி.யின் பீட்டர்பில்ட் 359 ரெக்கர் (ரெக்கவரி வண்டிக்கு அமெரிக்கப் பெயர்) இருக்கிறது. பிரிட்டிஷ் வண்டி வேண்டுமென்றால் தண்டர் மாடலின் 1/35 ஸ்கேமல் பயனியர். ஒற்றை ஜிப் (தூக்கும் கை) என்பதால் கயிறு வேலை குறைவு.

ஏ.எம்.டி. கிட்டில் பழைய பதிப்பா, மறுபதிப்பா என்ற கேள்வி வரும். கட்டுவதற்கென்றால் மறுபதிப்பே போதும், டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) புதிதாக இருக்கும். பழைய பெட்டிக்குக் கொடுக்கும் கூடுதல் காசு பெட்டிப் படத்துக்கான காசு. அப்படியும் பழையதுதான் வேண்டுமென்றால், விற்பவரிடம் ஒவ்வொரு ஸ்ப்ரூவையும் (பாகங்கள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) தனித்தனியாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கொக்கி, கப்பி, கண்ணாடி, விளக்கத்தாள் நான்கையும் முதலில் தேடுங்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை என்பதை நம்ப வேண்டாம், உறையை யாரும் மறுபடி போடலாம்.

பழைய பெட்டியில் மோசமான எதிரி டயர். மென்மையான வினைல் டயரிலிருந்து கசியும் எண்ணெய் போன்ற பொருள், தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். வந்தவுடன் டயர்களைத் தனிப் பையில் போடுங்கள். மாட்டும்போது ரிம்மின் மேல் சமையலறை அலுமினியத் தாள் ஒரு சுற்று கொடுங்கள். குரோம் பாகங்களில் ஒட்டும் இடத்தைச் சுரண்டியே ஆக வேண்டும். மாடல் சிமெண்ட் என்னும் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் இணைக்கிறது, குரோம் பூச்சை அது கரைக்காது. பழைய டீக்கால் தண்ணீரில் துண்டு துண்டாக உடையும். முன்கூட்டியே கிளியர் லாக்கர் ஒரு பூச்சு அடித்துக் காயவிட்டு, ஒவ்வொரு படத்தையும் ஓரத்தை ஒட்டி வெட்டுங்கள்.

சேஸிஸ் முறுக்கியிருந்தால் வெந்நீரில் நனைத்து மெல்லத் திருப்பலாம், கொதிநீர் வேண்டாம். மூன்று ஆக்சில் வண்டியில் நடு ஆக்சில் அந்தரத்தில் நிற்பது வழக்கமான கோளாறு. ஆக்சில்களைச் சிமெண்ட் இறுகும் முன்பே கண்ணாடிப் பலகை மேல் வைத்து, சேஸிஸ் மேல் லேசான எடை ஏற்றி, இரவு முழுக்க விடுங்கள்.

இனி ஒயர் ரோப். அரை அங்குல ரோப் 12.7 மி.மீ.; 1/25-ல் 0.51 மி.மீ., 1/35-ல் 0.36. எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 1 ச.மி.மீ. ஃப்ளெக்ஸிபிள் ஒயரில் ஒரு இழை பொதுவாக 0.2 மி.மீ. செப்பு. நான்கு இழையை முறுக்கினால் 0.48 வரும், 1/25-க்குச் சரி. 1/35-க்கு இரண்டு இழை, 0.4. நாற்பது செ.மீ. இழைகளின் ஒரு முனையை வைஸிலும் மறுமுனையைக் கை டிரில்லிலும் பிடித்து, விறைப்பாக இழுத்தபடி மெதுவாகச் சுற்றுங்கள். செ.மீ.க்கு மூன்று சுற்று போதும். அதற்கு மேல் போனால் டிரில் வாயருகே அறுந்துவிடும். முடிந்ததும் சட்டென்று விட்டால் சுருண்டுகொள்ளும். ஒரு முறை இழுத்து நேராக்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

வின்ச் டிரம்மை (ரோப் சுற்றும் உருளை) வெறும் செப்பால் நிரப்பத் தேவையில்லை. நிஜத்தில் 60 மீட்டர் ரோப் என்றால் 1/35-ல் 1.7 மீட்டர்! உள்ளே காகிதப்பட்டை சுற்றிப் பருமனாக்கி, மேலே ஒரே அடுக்கை இடைவெளியின்றிச் சுற்றுங்கள். முதல் சுற்றை மட்டும் சூப்பர் க்ளூவால் பிடிக்கலாம். பெயிண்டில் வெள்ளி நிறத்தைத் தொடாதீர்கள். ஓடிய ரோப் கிரீஸ் ஏறிக் கறுத்திருக்கும். கன்மெட்டல் (கறுத்த உலோக நிறம்) அடித்து, கரும்பழுப்பு ஆயில் வாஷ் (நீர்க்கக் கரைத்த ஆயில் பெயிண்ட்) கொடுத்தால் போதும்.

இரட்டை பூமில் நிறையப் பேர் தவறவிடும் விஷயம் ஒன்று. ஒரு பூமைப் பக்கவாட்டில் திருப்பிப் பாரம் இழுத்தால் வண்டியே அந்தப் பக்கம் சாயும். அதனால் மறு பூமின் ரோப்பை எதிர்ப்பக்கம் மரத்திலோ வேறு பிடிமானத்திலோ கட்டுவார்கள். டயோரமாவில் (மாடலை வைத்து அமைக்கும் காட்சி) ஒரு பூம் மட்டும் வெளியே நீட்டி, எதிர்ப்பக்கம் ஒன்றுமில்லாமல் இருந்தால், இந்தத் தொழில் தெரிந்தவர் ஒரே பார்வையில் சிரித்துவிடுவார். அந்த ஏற்பாட்டுக்கு இடமில்லையென்றால் இரண்டு பூமையும் பின்பக்கம் நேராக வைத்து, கொக்கிகளைப் பின் பம்பரில் மாட்டி விறைப்பாக்குங்கள். ஓடும் வண்டி அப்படித்தான் போகும். பிளாஸ்டிக் பூம் இழுவிசையில் நாளடைவில் வளையும், எனவே ஒட்டும் முன் உள்ளே 0.8 மி.மீ. ஸ்டீல் கம்பி ஒன்றைப் பதித்துவிடுங்கள்.

டயமண்ட் டி-யை ராணுவப் பச்சையில்தான் முடிக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. போருக்குப் பின் பிரிட்டனில் பல கராஜ்கள் இவற்றை வாங்கி ஓட்டின. அந்த வடிவத்துக்குக் கராஜ் நிறத்தோடு, வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்து கொண்ட டிரேட் பிளேட்டையும் (கராஜ்காரர்களுக்கான தற்காலிக நம்பர் பலகை) முன்னால் கட்டுங்கள். அது கழற்றி மாட்டும் பலகை என்பதால் பம்பரோடு ஒட்டிவிடாமல், மெல்லிய செப்பிழையால் கட்டியதுபோல் சற்றே கோணலாகத் தொங்கவிடுங்கள்.