ஒரே ஏரி, நாலு சீசன், கவுத்துவிட்ட ஒரு பேட்டரி

லாட்ஜ் ரூம்ல உக்காந்து போன்லயே டைப் பண்றேன். கேமரா மேஜை மேல ஜிப்லாக் கவருக்குள்ள கெடக்கு, இன்னும் ஒரு மணி நேரத்துக்கு அதைத் தொடக்கூடாது, ஏன்னு கடைசில சொல்றேன். ஒரே மலை ஏரிக்கு ஒரு வருஷத்துல நாலாவது தடவை வந்திருக்கேன். வீட்ல "வேற ஊரே இல்லையா"ன்னு கேட்டாங்க. ஊர் இருக்கு, காசுதான் இல்ல. புது லென்ஸ் வாங்குறதா, இல்ல அந்தக் காசுல நாலு சீசனுக்கும் வந்துட்டுப் போறதான்னு கணக்குப் போட்டு லென்ஸை விட்டுட்டேன்.

சீசன் வாரியா வரிசையா எழுதணும்னுதான் நெனச்சேன், ஆனா மொதல்ல இந்தத் தடவை, குளிர்காலத்துல வந்தப்ப நடந்த ஜீப் கதை. பனின்னு பஸ் பாதியிலயே நின்னுடுச்சு. மேல போக ஜீப்காரர் கேட்டது போன தடவையை விட மூணு மடங்கு. "பனியில வழுக்காம இருக்க டயர்ல செயின் மாட்டணும் சார்"னார். ஏறி உக்காந்து எட்டிப் பாத்தா டயர்ல செயினே இல்ல! கேட்டதுக்கு "வண்டியிலதான் இருக்கு, தேவைப்பட்டா மாட்டிக்கலாம்". கடைசி வரைக்கும் மாட்டவே இல்ல, காசு மட்டும் முழுசா வாங்கிட்டாரு.

சரி, விடிகாலைல ஏரிக்கரைக்குப் போனேன். ரூம்ல 80 காட்டின பேட்டரி இருபது படம் எடுக்குறதுக்குள்ள செத்துடுச்சு. குளிர்ல பேட்டரியோட பவர் அப்படியே படுத்துடும்னு தெரிஞ்சும் ஸ்பேரை வெளிப்பையில வச்சிருந்தேன், அதுவும் காலி. ரெண்டையும் அக்குள்ல வச்சு பத்து நிமிஷம் நடுங்கிட்டே நின்னேன், பக்கத்துல நின்னவர் என்னை ஒரு மாதிரி பாத்தாரு. சூடேறினதும் ஒண்ணு கண் முழிச்சுது.

எடுத்தா பனியெல்லாம் சாம்பல் கலர். கேமராவுக்கு எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் தெரியும், வெள்ளைப் பரப்பைப் பாத்தா 'ஐயோ வெளிச்சம் ஜாஸ்தி'ன்னு குறைச்சுடும். கேமரா போடுற வெளிச்சக் கணக்கை நாமளே கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1.3க்குத் தள்ளினப்புறம்தான் பனி பனியா வந்துச்சு. +2 போனா சில இடத்துல பனியோட பொடிக்கோடெல்லாம் காணாமப் போகுது, அதனால படத்தோட வெளிச்சத்தை இருட்டுலேர்ந்து வெள்ளை வரைக்கும் காட்டுற ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்துல முட்டாமப் பாத்துக்கிட்டேன்.

கோடை பத்தி எழுத ஒண்ணும் இல்ல. பத்து மணிக்கு மேல தலைக்கு நேரா வெயில், தூரத்து மலையெல்லாம் தூசி மூட்டத்துல. பகல் முழுக்கத் தூங்கிட்டுக் காலையும் சாயங்காலமும் மட்டும் எடுத்திருக்கலாம், நான் பகல் முழுக்க எடுத்துத் தள்ளி அத்தனையும் டெலீட்.

மழைக்காலம்தான்யா! எல்லாரும் கேமராவை மூடி வைக்கிற நேரத்துலதான் இந்த எடம் அழகா இருக்கு. நனைஞ்ச இலையெல்லாம் பிளாஸ்டிக் மாதிரி வெள்ளையா பளபளக்கும், போலரைசர் ஃபில்டரை மாட்டி மெதுவா திருப்பினா ஒரு கட்டத்துல அந்தப் பளபளப்பு சட்டுனு அணைஞ்சு அடியில இருக்கிற பச்சை மேல வரும், அதைக் கண்ணால பாக்கணும். அது ரெண்டு ஸ்டாப் அளவுக்கு, அதாவது முக்கால்வாசி வெளிச்சத்தையும் தின்னுடும், ஆனா ஓடைக்கு அதுதான் வசதி, டிரைபாட்ல வச்சு அரை செகண்ட் ஷட்டர்ல தண்ணி பட்டு மாதிரி வரும். காசு இருந்தா புது லென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி இந்த ஃபில்டரை வாங்குங்க.

இலையுதிர் காலத்துல வேற கூத்து. கண்ணு முன்னாடி மரம் தீப்பிடிச்ச மாதிரி நிக்குது, படத்துல சவசவன்னு இருக்கு. கேமரா தானாவே கலரைச் சரிபண்ற ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்த மஞ்சளைக் 'கோளாறு'ன்னு நெனச்சுத் திருத்திட்டு இருந்திருக்கு! அதை மாத்தி, கலரைக் கொஞ்சம் மஞ்சளாக்குற 'கிளவுடி' செட்டிங்ல வச்சுட்டு, சூரியன் இலைக்குப் பின்னாடி வர்ற மாதிரி நின்னப்பதான் நரம்பு நரம்பா எரிஞ்சுது.

ஒரே எடத்துக்கே திரும்பத் திரும்பப் போறதைக் கிண்டல் பண்றவங்களுக்கு ஒண்ணு: பிரெஞ்சு ஓவியர் மோனே 1890-91ல வீட்டுப் பக்கத்து வயல்ல இருந்த வைக்கோல் போரையே வேற வேற வெளிச்சத்துல, பனியிலயும்கூட, இருபத்தஞ்சு தடவை கிட்ட வரைஞ்சாரு. நான் நாலு தடவைதான் வந்திருக்கேன்.

அந்த ஜிப்லாக் விஷயம். மழைக்காலத்துல ஏசி ரூம்லேர்ந்து கேமராவை அப்படியே வெளிய எடுத்துட்டுப் போய் லென்ஸ் முழுக்க ஆவி படிஞ்சு, மூடுபனி கலையிற அந்த நல்ல அரை மணி நேரம் போச்சு. இப்ப குளிர்லேர்ந்து சூடான ரூமுக்கு வந்தாலும் அதே கதைதான், ஈரக்காத்து சில்லுனு இருக்கிற கண்ணாடியில பட்டதும் தண்ணியாகிடும். அதனால வெளியிலயே கவர்ல போட்டு இறுக்கி மூடிட்டேன், ஈரமெல்லாம் கவர் மேல படியட்டும். மெமரி கார்டைக்கூட முன்னாடியே கழட்டி வைக்கத் தோணலை, மடையன், அதனால இன்னும் ஒரு படத்தைக்கூட பெருசா பாக்கலை. கவர்ல படிஞ்சிருந்த துளியெல்லாம் இப்ப காஞ்சிடுச்சு போல. திறக்கப் போறேன்.