உறைபனியும் ஒரு தாகம்தான்

ஜனவரி 8

ஆய்வகங்களில் வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியின் தொட்டிகளில் பாதியை இன்று 4 டிகிரி அறைக்கு மாற்றினேன். மீதி 22 டிகிரியிலேயே இருக்கின்றன. விளக்கு எரிந்து சரியாக நாலு மணி நேரம் கழித்துத்தான் மாற்றினேன். செடிக்குள் ஓடும் கடிகாரம் இதில் தலையிடுகிறது. அந்த நேரத்தில் குளிர் பட்டால், செடியைக் குளிருக்குத் தயார்படுத்தும் சிபிஎஃப் மரபணுக்கள் பலமாக இயங்கும், இரவில் பட்டால் மந்தமாக.

மாற்றிய 15 நிமிடத்துக்குள் அந்த மரபணுக்கள் விழித்திருக்கும். வெளியே இலையில் ஒரு மாற்றமும் இல்லை. தெரிந்தும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 10

சிபிஎஃப் புரதம் செய்வது ஒரே வேலை. டிஎன்ஏ-வில் 'சிசிஜிஏசி' என்ற ஐந்தெழுத்து எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொண்டு, அதையடுத்த மரபணுவை இயக்குகிறது. சில மணி நேரத்தில் செல்லைச் சுற்றியுள்ள சவ்வைக் காக்கும் புரதங்கள் சேரத் தொடங்கும், சர்க்கரைகளும் கூடும்.

இந்த ஐந்தெழுத்தின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1994-ல் ஜப்பானில் யமகுச்சி-ஷினோசாகியும் ஷினோசாகியும் ஆர்டி29ஏ என்ற மரபணுவின் முன்பகுதியில், அதாவது அதை இயக்கும் விசை இருக்கும் இடத்தில், இதைக் கண்டு, நீரிழப்புக்குப் பதில் சொல்லும் பகுதி என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவில் தோமஷோவின் குழு குளிருக்கு இயங்கும் மரபணுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தது. அவர்களும் இதே எழுத்துகளில்தான் வந்து நின்றார்கள். 1997-ல் அதில் ஒட்டும் சிபிஎஃப்1-ஐப் பிரித்தெடுத்தார்கள். வறட்சியைத் தேடிப் போனவர்களுக்கும் குளிரைத் தேடிப் போனவர்களுக்கும் கிடைத்தது ஒரே சொல்!

காரணத்தை யோசித்தால் உடம்பு சிலிர்க்கிறது. மெதுவாக உறையும்போது பனிக்கட்டி முதலில் செல்லுக்கு வெளியே உருவாகிறது. அது செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. சுற்றிலும் பனி இருந்தும் செல் வற்றிச் சுருங்குகிறது. செல்லைப் பொறுத்தவரை அதுவும் தாகம்தான்.

ஜனவரி 12

ஒரு தொட்டிக்கு நாலு நாளாகத் தண்ணீர் விடவில்லை. வேண்டுமென்றேதான். இலை ஓரம் தொய்யத் தொடங்கிவிட்டது.

இதற்குள் நடப்பது வேறு வழி. அப்சிசிக் அமிலம் என்ற செடி ஹார்மோன் சேர்கிறது. வழக்கமாக ஒரு நொதி, இன்னொரு நொதியை அமுக்கி வைத்திருக்கும். அமிலம் தன்னை உணரும் புரதமான ஏற்பியில் உட்கார்ந்ததும் அந்த ஏற்பி அமுக்குகிற நொதியைப் பிடித்துக்கொள்கிறது. அமுங்கிக் கிடந்தது விடுபட்டு இலைத்துளைகளை மூட வைக்கிறது, வறட்சி மரபணுக்களையும் கிளப்பிவிடுகிறது. ஏற்பி எது என்பது 2009-ல்தான் உறுதியானது. இந்த அமிலம் இல்லாமலே ஐந்தெழுத்தைப் போய்ச் சேரும் டிரெப்2 என்ற வழியும் உண்டு.

மாலையில் தண்ணீர் விட்டேன்.

ஜனவரி 15

உறைய வைக்கும் சோதனை கெட்டுப்போனது. என் தவறு. குழாயில் இலையும் நீரும் வைத்து 2 டிகிரி மைனஸில் ஒரு துணுக்குப் பனிக்கட்டி போட வேண்டும். இல்லையென்றால் நீர் உறையாமலே இன்னும் குளிர்ந்து, பிறகு ஒரே நொடியில் உறையும். அதுதான் நடந்தது. செல்லுக்குள்ளேயே பனி பாய்ந்துவிட்டால் எந்த மரபணுவும் காப்பாற்ற முடியாது. 4 டிகிரி இலைகளும் 22 டிகிரி இலைகளும் ஒன்றுபோலச் செத்திருந்தன.

ஜனவரி 16

துணுக்குப் போட்டு மறுபடி செய்தேன். மெதுவாக, மைனஸ் 6 வரை. சவ்வு கிழிந்தால் உப்புகள் நீரில் கசியும், மின்கடத்தல் ஏறும். 22 டிகிரி இலைகளில் எண் ஏறிக்கொண்டே போனது. குளிரில் பழகியவற்றில் கொஞ்சம்தான் அசைந்தது. அந்த இலைகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன், பச்சை அப்படியே இருந்தது.

ஜனவரி 18

ஆய்வகத்துக்கு வந்த ஒரு மாணவி கேட்டாள்: "சிபிஎஃப் இவ்வளவு நல்லதென்றால் எப்போதும் இயங்கும்படி வைத்துவிடலாமே அக்கா?"

மூலையிலிருந்த தட்டைக் காட்டினேன். சிபிஎஃப் மரபணுக்களில் ஒன்றான சிபிஎஃப்3 (டிரெப்1ஏ என்றும் பெயர்) ஓயாமல் இயங்கும் செடிகள். குளிரையும் வறட்சியையும் தாங்கும், ஆனால் குள்ளமாக, சுருங்கிப்போய் நிற்கின்றன. 1999-ல் இதே மரபணுவை ஆர்டி29ஏ-வின் முன்பகுதியோடு இணைத்தார்கள். தேவைப்படும்போது மட்டும் அது பெருமளவு இயங்கியது, வளர்ச்சி அவ்வளவாகக் குறையவில்லை. எப்போது நிறுத்துவது என்பதையும் செடி அறிந்திருக்க வேண்டும் என்றேன். அவள் குள்ளச் செடி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

மீதமிருந்த குளிர்த் தொட்டிகளை 22 டிகிரிக்குத் திருப்பிவிட்டேன். சிபிஎஃப் இந்நேரம் அடங்கியிருக்கும்.