பழைய ப்ளேஸ்டேஷன் 2-இன் கரகரப்பை அடக்கிய கதை

அண்ணன் வேலைக்குப் போன புதிதில் வாங்கிய ப்ளேஸ்டேஷன் 2 இப்போது செந்தூலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. தடித்த உடம்பு கொண்ட பழைய ரகம். டிஸ்க்கை நன்றாகவே படிக்கும். ஆனால் விளையாட்டில் ஒரு கட்டம் முடிந்து அடுத்தது ஏறும்போதெல்லாம் ‘கர்ர்... கர்ர்...’ என்று ஒரு சத்தம். இரவில் பக்கத்து அறையில் படுத்திருக்கும் அம்மாவுக்கே கேட்கும். பழசு என்றால் அப்படித்தான், விட்டுவிடு என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை.

இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது: ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு பெட்டிக்குள்ளிருந்து வந்தாலும் அது ஒரே சத்தமாக இருக்காது.

டிஸ்க் போடாமல் இயக்கினேன். பின்பக்க விசிறியின் ‘உஸ்’ மட்டும்தான், அதுவும் சீராக இருந்தது. அடுத்து, அடிப்பக்கம் நீலமாக இருக்கும் டிஸ்க் ஒன்று. உடனே ‘வீய்ங்’ என்று நீளமான இரைச்சல். நீல டிஸ்க் என்றால் சிடி. ப்ளேஸ்டேஷன் 2 சிடியை 24 மடங்கு வேகத்தில் படிக்கும், டிவிடியை 4 மடங்கில். ஒரு மடங்கு என்பது இரண்டுக்கும் ஒன்றல்ல. சுற்றும் வேகத்தைக் கணக்கிட்டால் சிடி ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் சுழல்கிறது. அப்படியானால் அந்த இரைச்சல் கோளாறு இல்லை.

இன்னொரு டிஸ்க் போட்டால் பெட்டியே அதிர்ந்தது. பழைய கடை ஒன்றின் விலை ஸ்டிக்கர் அதன் மேல் ஓரமாக ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் கனம் கூடினால், அந்த வேகத்தில் டிஸ்க் ஆடத்தானே செய்யும்! ஸ்டிக்கரை உரித்து, பசையைத் துடைத்ததும் அதிர்வு போய்விட்டது.

மிச்சம் இருந்தது அந்தக் ‘கர்ர்’. வெள்ளி நிற டிவிடியிலும் வந்தது, அதுவும் விளையாட்டு ஏறும் நேரத்தில் மட்டும். அப்படி வந்தால் சந்தேகம் டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸின் நகர்வு மேல்தான். டிஸ்க் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் படிக்கப்படுகிறது. தேவையான தகவல் தூரத்தில் இருந்தால் லென்ஸ் அங்கே ஓடியாக வேண்டும். அது ஓடும் உலோகத் தண்டுகளில் பூசிய கிரீஸ் இத்தனை வருடத்தில் காய்ந்து, தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

கிரீஸ் வாங்க ஜாலான் பாசாருக்குப் போனேன். கோலாலம்பூரில் மின்னணுச் சாமான்களுக்கு அந்தத் தெருவை விட்டால் எனக்கு வேறு இடம் தோன்றாது. கடையில் இருந்த சீனப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி: “பூசுற இடம் இரும்பா, பிளாஸ்டிக்கா?” ரெண்டும்தான் அங்கிள் என்றேன். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத சிலிகோன் கிரீஸ் ஒரு சின்னக் குழாயும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு புட்டியும் எடுத்து வைத்தார். கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரே போதும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். அது சீக்கிரம் ஆவியாகிவிடும், அதன் சாரல் லென்ஸிலும் படியும்.

இந்த ரகத்தில் மின்வழங்கி உள்ளேயே இருப்பதால் சுவர் மின்சாரம் நேராகப் பெட்டிக்குள் வருகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு நெடுநேரம் அப்படியே விட்டேன். அப்புறம் கவிழ்த்து, அடியிலுள்ள சதுர மூடிகளை நெம்பினால் ஸ்க்ரூக்கள் தெரியும். மேல்மூடியை மட்டும் வேகமாகத் தூக்கிவிடாதீர்கள். பவர் பொத்தானிலிருந்து மெல்லிய நாடா ஒயர் ஒன்று உள்ளே போகிறது, அறுந்தால் பெரிய வேலையாகிவிடும். டிஸ்க் சுழலும் டிரைவின் உலோக மூடியைக் கழற்றியதும் லென்ஸ் கண்ணில் பட்டது. தண்டுகளில் பழுப்பேறிய பிசின், அதில் முடியும் தூசியும்.

காது குடையும் பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, இரண்டு தண்டுகளையும் லென்ஸை நகர்த்தும் திருகுத்தண்டின் ஒவ்வொரு பள்ளத்தையும் துடைத்தேன். பஞ்சு வெள்ளையாக வரும்வரை விடக்கூடாது. புதுக் கிரீஸை விட இந்தத் துடைப்புக்குத்தான் பலன் அதிகம் என்று நினைக்கிறேன். காய்ந்ததும் கிரீஸை மிக மெல்லிசாகப் பூசி, திருகுத்தண்டைக் கையால் சுற்றி லென்ஸை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடவிட்டேன். லென்ஸைப் பிடித்துத் தள்ளக் கூடாது.

லென்ஸுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பல்சக்கரம் ஒன்று இருக்கும். அதை நான் தொடவில்லை. லென்ஸ் டிஸ்க்கைப் பார்க்கும் நிலையை அது மாற்றும். டிஸ்க் படிக்காதபோது அதைத் திருப்பிப் பார்ப்பவர்கள் உண்டு. சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எல்லாவற்றையும் பூட்டி டிவிடியைப் போட்டேன். கட்டம் மாறியது. ‘டிக், டிக்’ என்று மெல்லிய ஒலி, அதுவும் காதைக் கிட்டே வைத்தால்தான். அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். “எதைக் கேக்கச் சொல்ற?” என்றார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு!

நீல டிஸ்க்குகளின் இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது. சுழலும் வேகம் எழுப்பும் சத்தத்தைக் கிரீஸ் குறைக்காது. அந்த விளையாட்டுகளை அக்கா பிள்ளைகள் வரும்போது பகலில் விளையாடுகிறோம்.