பின்கட்டுக்கு ஒரு அனுமதி

2024 செப்டம்பர் 14, சனி

காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனோம். கணவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். வீட்டின் பின்சுவரிலிருந்து வேலி வரை 48 அடி, அகலம் 60 அடி. நடுவில் ஒரு எலுமிச்சை மரம், துருப்பிடித்த ஊஞ்சல், நான்கு தொட்டிகளில் கறிவேப்பிலை.

அப்பாவுக்கு முழங்கால் மோசமாகிக்கொண்டே வருகிறது. பாளையங்கோட்டையில் மாடிப்படி ஏற முடியவில்லை. இங்கே வந்தால் மூன்று படுக்கையறை வீட்டில் நாங்கள் நான்கு பேர். போன தடவை விசிட்டர் விசாவில் வந்த ஆறு மாதமும் ஹாலில்தான் படுத்தார்கள். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் உறுத்தல்.

அதனால் பின்புறம் ஒரு சின்ன வீடு. கலிஃபோர்னியாவில் இதற்கு ஏ.டி.யு. என்று பெயர். துணைக் குடியிருப்பு என்று தமிழில் எழுதினால் அரசாணை மாதிரி இருக்கிறது. அம்மாவுக்கு அது அவுட்ஹவுஸ். எனக்குப் பின்கட்டு. இங்கே பலர் இன்னும் ‘மதர் இன் லா யூனிட்’ என்கிறார்கள். மாமியார் வீட்டுக்கு இவ்வளவு பேர் ஆசைப்பட்டு அனுமதி கேட்பது நம் ஊர் போலீஸ்காரர்களுக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள்.

2024 அக்டோபர் 5, சனி

இரண்டு வாரமாக இரவில் சட்டம் படிக்கிறேன். முன்பெல்லாம் இது முழுக்க அந்தந்த ஊர் நகராட்சியின் கையில். ஒவ்வொரு நகராட்சியும் தன் இஷ்டத்துக்கு நிபந்தனை போட்டு, ‘முடியாது’ என்பதை நாலு பக்கத்தில் எழுதிக் கொடுக்கும். 2017-லிருந்து மாநிலம் அவற்றின் கையைக் கட்டத் தொடங்கியது. 2020 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த சட்டங்கள்தான் பெரிய திருப்பம்: பக்கவாட்டிலும் பின்புறமும் எல்லைக்கோட்டிலிருந்து 4 அடி விட்டால் போதும். 800 சதுர அடி, 16 அடி உயரத்துக்குள் என்றால், மனையில் இவ்வளவு விழுக்காடுதான் கட்டலாம் என்ற உள்ளூர் விதியைக் காட்டி மறுக்க முடியாது. முழுமையான விண்ணப்பம் கிடைத்த 60 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அனுமதி ‘மினிஸ்டீரியல்’ முறை என்று எழுதியிருக்கிறது. அமைச்சர் யாரும் இதில் கிடையாது. அதிகாரி பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்க்க வேண்டும், சரியாக இருந்தால் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பொது விசாரணை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் வேண்டாம், ‘தெருவின் அழகு கெடுகிறது’ என்ற பேச்சு இல்லை. இதைப் படித்த இரவு நன்றாகத் தூங்கினேன்.

அளவு விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 750 சதுர அடிக்குக் குறைவாக இருந்தால் பூங்கா, சாலை என்று நகராட்சி வாங்கும் தாக்கக் கட்டணம் கிடையாது. 750-ஐத் தொட்டால் பெரிய வீட்டின் அளவோடு விகிதம் போட்டு வாங்கலாம். எங்கள் டிசைனர் அம்மணியிடம் சொன்னபோது சிரித்துவிட்டு ஏற்கெனவே வரைந்துவைத்திருந்த தாளைக் காட்டினார். 34-க்கு 22. அதாவது 748.

2024 அக்டோபர் 29, செவ்வாய்

நல்ல தூக்கம் முடிந்தது.

வீடு வாங்கியபோது கையெழுத்துப் போட்ட கட்டு ஒன்று அலமாரியில் கிடந்தது. டிசைனர் கேட்டார் என்று எடுத்துக் கொடுத்தேன். பதினேழாம் பக்கத்தில், கொசு கடித்த தடம் போல் மங்கலாக, பின்வேலியை ஒட்டி ஒரு புள்ளிக்கோடு. 5 அடி அகலத்துக்கு மின்கம்பி, குழாய்க்காக விடப்பட்ட ஈஸ்மென்ட். நிலம் எங்களுடையது, வரி கட்டுவதும் நாங்கள்தான், ஆனால் அதன்மேல் கட்டடம் எழுப்பக் கூடாது. மாநிலம் 4 அடி போதும் என்கிறதே என்றேன். மாநிலச் சட்டத்தால் நகராட்சியின் விதியைத்தான் ஒதுக்கிவைக்க முடியும், உங்கள் பத்திரத்தில் வேறொருவருக்கு இருக்கும் உரிமையை ஒதுக்கிவைக்க முடியாது என்றார்.

ஐம்பதுகளில் யாரோ போட்ட புள்ளிக்கோடு 2020-ன் சட்டத்தை ஒரு அடி பின்னால் தள்ளிவிட்டது. கட்ட நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சட்டப் புத்தகத்தைத் திறக்கும் முன்பு பழைய பத்திரக் கட்டைத் திறவுங்கள்.

2024 நவம்பர் 9, சனி

இன்று வாஸ்து.

எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. கழிவுநீர்க் குழாய் வடக்குப் பக்கமாக ஓடித் தெருவுக்குப் போகிறது. பின்கட்டின் குளியலறை அந்தக் குழாய்க்கு மிக அருகில் இருக்க வேண்டுமென்றால் அது எங்கே வரும்? வடகிழக்கில். அம்மா வீடியோவில் படத்தைப் பார்த்தாள். பத்து வினாடி பேச்சில்லை.

“ஏட்டி, ஈசான மூலையில கக்கூஸா? அந்த வீட்டுல நான் கால வைக்க மாட்டேன், பாத்துக்க.”

அப்பா பின்னாலிருந்து, “அவ கஷ்டப்பட்டுக் கட்டுறா, நீ சும்மா இரேன்” என்றார். அது எடுபடவில்லை.

வடமேற்கு பரவாயில்லையாம். வாயு மூலை. ஆனால் அது குழாயிலிருந்து இன்னும் 22 அடி தள்ளி. கழிவுநீர்க் குழாய் ஒரு அடிக்குக் கால் அங்குலம் சரிய வேண்டும். ஈசானத்திலிருந்து என்றால் 64 அடி ஓட்டம், 16 அங்குலச் சரிவு. வாயு மூலையிலிருந்து 86 அடி, இருபத்தொன்றரை அங்குலம். இருக்கிற குழாய் இணைப்பிடத்தில் 34 அங்குல ஆழத்தில் இருக்கிறது. கழித்துப் பார்த்தால் தொடக்கத்தில் பன்னிரண்டரை அங்குலம் ஆழம் மிஞ்சுகிறது. பிளம்பர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து யோசித்துவிட்டு, “போகும்” என்றார். குழாய் இன்னும் கொஞ்சம் மேலே இருந்திருந்தால் பம்ப் வைத்துத் தள்ள வேண்டியிருக்கும், ஒவ்வொரு ஃப்ளஷ்ஷுக்கும் ஒரு உறுமல்.

படத்தைத் திருத்தச் சொன்னபோது டிசைனர் காரணமே கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் எத்தனை தமிழ், தெலுங்குக் குடும்பங்களுக்கு வரைந்திருப்பார்.

2024 நவம்பர் 18, திங்கள்

ஆன்லைனில் விண்ணப்பம் போட்டாயிற்று. மனைப்படம், அடித்தளக் கணக்கு, மின்சாரக் கணக்கு, எரிசக்திக் கணக்கு. நாள்காட்டியில் அறுபதாவது நாளுக்குச் சிவப்பு வட்டம் போட்டேன்.

2024 டிசம்பர் 11, புதன்

சிவப்பு வட்டம் வீண். விண்ணப்பம் முழுமையடையவில்லை என்று மின்னஞ்சல். எரிசக்தி அறிக்கையின் ஒரு பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறதாம். ஒரு கையெழுத்து! அதைச் சொல்ல 23 நாள். 60 நாள் கடிகாரம் ‘முழுமையான’ விண்ணப்பத்துக்குத்தான் ஓடும் என்று அக்டோபரில் நானே எழுதிவைத்திருக்கிறேன், அந்த ஒற்றைச் சொல்லைக் கவனிக்காமல். முழுமை எது என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ கடிகாரத்தின் சாவியும் அவர்கள் கையில்தான்.

16-ம் தேதி திரும்பப் போட்டோம். புது வட்டம்: பிப்ரவரி 14.

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சர்க்கரைப் பொங்கலை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு வடக்குப் பக்கத்து வியட்நாமியத் தாத்தா வீட்டுக்குப் போனேன். பதிலுக்கு இரண்டு பம்பளிமாஸ் கொடுத்தார். வாசலிலேயே நின்று, ‘உங்கள் பின்னால் கட்டுகிறீர்களாமே’ என்று தொடங்கினார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். சட்டப்படி அவர் சம்மதம் தேவையில்லை என்று மனதுக்குள் வாக்கியத்தை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்டது வேறு. “ஆய்வாளர் வந்தால் வேலிக்கு இந்தப் பக்கமும் பார்ப்பாரா?”

அப்புறம்தான் புரிந்தது. அவர் கேரேஜில் ஜன்னல் இருக்கிறது, திரை தொங்குகிறது, இரவில் விளக்கு எரிகிறது. பல வருடமாக மகன் அங்கேதான் இருக்கிறான். அனுமதி வாங்கியதில்லை. இந்தத் தெருவில் இப்படி எத்தனை கேரேஜோ. வேலிக்கு மேலே பார்த்தால் எல்லாம் கேரேஜ், உள்ளே போனால் அடுப்பு.

இந்த ஜனவரி 1-லிருந்து அவருக்கு ஒரு வழி இருக்கிறது என்று சொன்னேன். 2020-க்கு முன்பு அனுமதியில்லாமல் கட்டிய துணை வீட்டுக்கு இப்போது விண்ணப்பித்தால், கட்டட விதியை மீறியது என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க முடியாது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்தானதை மட்டும் சரிசெய்யச் சொல்வார்கள். ஏ.பி. 2533 என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போவாரா என்று தெரியவில்லை. தானாகப் போய் அலுவலகத்தில் ‘நான் செய்தேன்’ என்று நிற்பது லேசான காரியமா?

2025 பிப்ரவரி 12, புதன்

ஐம்பத்தெட்டாம் நாள் பதில் வந்தது. ஒப்புதல் இல்லை, திருத்தப் பட்டியல், 11 குறிப்புகள். பத்து சில்லறை. ஒன்று வடக்குச் சுவர்.

எல்லைக்கோட்டுக்கு 5 அடிக்குள் சுவர் இருந்தால் அது ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும். உள்ளேயும் வெளியேயும் கனமான ஜிப்சம் பலகை, ஜன்னல்களும் சுவரில் கால் பங்குக்கு மேல் கூடாது. அதாவது கட்டிக்கொள் என்று ஒரு சட்டம் தருகிற அந்த ஐந்தாவது அடிக்கு இன்னொரு சட்டம் செலவு வைக்கிறது. பின்சுவருக்கு இந்தத் தலைவலி இல்லை. ஈஸ்மென்ட் புண்ணியத்தில் அது ஏற்கெனவே 5 அடியில் நிற்கிறது. அக்டோபரில் நான் திட்டிய புள்ளிக்கோடு!

வடக்கிலும் ஒரு அடி தள்ளிவிடலாம் என்று முடிவு. கூரை நீட்டலின் அடிப்பக்கத்துக்கு மட்டும் தீத்தடுப்புப் பலகை. ஒரு அடி தெற்கே தள்ளினால் எலுமிச்சை மரம் போகும். ஊறுகாய்க்கென்று அம்மா இப்போதே கணக்குப் போட்டுவைத்திருக்கும் மரம். இன்னும் சொல்லவில்லை.

2025 மார்ச் 27, வியாழன்

அனுமதி வந்தது. தாக்கக் கட்டணம் சுழி. வரைபடப் பரிசீலனைக்கும் அனுமதிக்கும் கட்டணம் உண்டு, 500 சதுர அடிக்கு மேல் என்பதால் பள்ளி மாவட்டத்துக்கும் தனியாக. புதிதாகத் தனியாகக் கட்டுவதால் கூரையில் சூரியத் தகடு கட்டாயம். கேரேஜை மாற்றியிருந்தால் அது வேண்டியதில்லை.

அலுவலகத்தில் ஒரு நண்பர், “தனியா வித்துடலாமே, சான் ஹோசேல விடுறாங்களே” என்றார். உண்மைதான். 2024-ல் பின்கட்டை காண்டோவாகத் தனியே விற்கலாம் என்று மாநிலத்திலேயே முதலில் அனுமதித்த நகரம் அது. அப்பா அம்மா படுக்கப்போகும் அறையை விற்கிற பேச்சு இன்றைக்கு ருசிக்கவில்லை.

2025 ஏப்ரல் 5, சனி

மூன்று கான்ட்ராக்டர்கள் வந்து பார்த்தார்கள். மூன்று லட்சம் டாலருக்குக் கீழே யாரும் பேச்சை ஆரம்பிக்கவில்லை. கட்டுவதற்கு முந்தைய செலவுகளுக்கு முன்பு மாநிலம் 40,000 டாலர் வரை மானியம் கொடுத்தது, பணம் தீர்ந்துபோய்விட்டது.

இரண்டாவதாக வந்தவர் நன்றாகத்தான் பேசினார். முன்பணம் 20,000 என்றார். இந்த மாநிலத்தில் வீட்டு வேலைக்கு 10 விழுக்காடு அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சொன்னேன். “எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறோம்” என்றார். காபி மட்டும் கொடுத்து அனுப்பினேன். மூன்றாமவர் ஆயிரம் கேட்டார், உரிமம் எண்ணை அவரே எழுதிக் கொடுத்தார். அவர்தான்.

2025 ஜூன் 10, செவ்வாய்

எலுமிச்சை போன மாதம் போனது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். “சரி, கறிவேப்பில இருக்குல்லா” என்றாள், அவ்வளவுதான்.

இன்று தரைக்கடியில் போகும் குழாய்க்கு ஆய்வு. எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் வருவேன் என்றவர் 11:50-க்கு வந்தார். பள்ளத்தில் கறுப்புக் குழாய் வாயு மூலையிலிருந்து நேர்கோட்டில் கிடந்தது. நுனியில் 10 அடி உயரத்துக்கு ஒரு குழாயைச் செங்குத்தாக மாட்டி, வாய் வரை தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். 15 நிமிடம் தண்ணீர் இறங்கக் கூடாது.

ஆய்வாளர் மண்டியிட்டு ரசமட்டத்தைக் குழாய் மேல் வைத்தார். குமிழி மெல்ல நகர்ந்து கால் அங்குலக் கோட்டில் நின்றது. இன்னும் இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். நான் கீழே நின்றுகொண்டு, யாராவது கேட்டால் சொல்லலாம் என்று 86 பெருக்கல் கால் என்று மனதில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு அடி தள்ளியதில் அது 87 ஆனதும் அப்போதுதான் உறைத்தது. கால் அங்குலம் கூட.

வேலிக்கு மேல் ஒரு தொப்பி தெரிந்தது. தாத்தா. ஆய்வாளர் கையசைத்தார், தாத்தாவும் கையசைத்தார், தொப்பி மறைந்தது.

அட்டையில் கையெழுத்து விழுந்தது. அடுத்தது அடித்தளம், முந்தின நாள் மூன்று மணிக்குள் பதிவுசெய்ய வேண்டுமாம். அவர் காரில் ஏறப் போனபோது தாத்தா தெருவில் நின்றுகொண்டிருந்தார், சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தபடி.