பிக்சல் பரப்பின் எல்லைகள்: ஒரு கையேட்டுப் பணியின் நாட்குறிப்பு

2025 மே 5, திங்கள்கிழமை, லாஸ்பேட்டை

கேமரா சென்சாரின் பிக்சல் பரப்பில் எந்தப் பகுதி எதற்கு உரியது என்பதை மென்பொருளுக்கு எவ்வாறு தெரிவிக்கிறார்கள் என்று விளக்கும் அத்தியாயத்தை இன்று எழுதத் தொடங்கினேன். ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினிப் பலகையில் கேமராவைப் பொருத்திப் பழகும் பாலிடெக்னிக் மாணவர்களுக்காக நாங்கள் தயாரித்துவரும் தமிழ்க் கையேட்டில் இது முதலிலேயே வர வேண்டும் என்று வற்புறுத்தி இடம் வாங்கியிருக்கிறேன். எந்தப் பிக்சலைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே தெளிவாகாவிட்டால், பின்னால் வரும் வெளிச்சக் கணக்கும் நிறக் கணக்கும் பெரிதாக்கும் கணக்கும் நிலைகொள்ளாது.

எடுத்துக்காட்டுக்குச் சோனியின் ஐஎம்எக்ஸ்219 சென்சாரை எடுத்துக்கொண்டேன். 2016இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை கேமரா மாட்யூல் 2இல் இருப்பது இதுதான். புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் எங்களிடம் வரும் மாணவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பதும் இதுதான். இது தரும் முழுப் படத்தின் அளவு 3,280 × 2,464 பிக்சல். ஆனால் சென்சாரை இயக்கும் மென்பொருளான லினக்ஸ் டிரைவரிடம் சென்சாரின் முழு அளவைக் கேட்டால் 3,296 × 2,480 என்ற விடை வருகிறது. நான்கு பக்கமும் எட்டெட்டுப் பிக்சல் விளிம்பாக நிற்கிறது. ஒரு பிக்சலின் பக்கம் 1.12 மைக்ரோமீட்டர் என்பதால், அந்த விளிம்பின் அகலம் ஒன்பது மைக்ரோமீட்டரைக்கூட எட்டாது. இவ்வளவு சிறிய விளிம்புக்கு ஒரு முழு அத்தியாயமா என்று கையேட்டுக் குழுவில் ஒருவர் கேட்டார். எழுதி முடித்ததும் அவரையே முதலில் படிக்கச் சொல்லப்போகிறேன்.

நன்செய் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. பட்டாவில் எழுதியிருக்கும் பரப்பு முழுவதிலும் நாற்று நடுவதில்லை. வரப்பும் வாய்க்காலும் போக மீதியில்தான் நடவு நடக்கிறது, ஆனால் அவையும் அந்தப் பட்டாவுக்குள் அடங்கியவைதான். சென்சாரிலும் படத்துக்குப் பயன்படாத பிக்சல்கள் அந்தப் பரப்பின் பகுதிதான். அவற்றுள் சில வேறு வேலைக்கு வேண்டியிருக்கின்றன, சிலவற்றை வெளியிலிருந்து படிக்கவே முடியாது.

படிக்கவே முடியாத இந்தப் பிக்சல்களைப் பற்றி எழுதும்போது மிகுந்த கவனம் வேண்டும். சிலிக்கானில் இருக்கும் பிக்சல்கள் எல்லாம் கம்பி வழியே வெளியே வருவதில்லை. ஆகவே "மொத்தப் பிக்சல் பரப்பு" என்று எழுதினால், சில்லில் இருக்கும் மொத்தமா, படிக்கக் கிடைக்கும் மொத்தமா என்று அதே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். லினக்ஸில் கேமராக்களைக் கையாளும் மென்பொருள் நூலகமான லிப்கேமரா தன் பிக்சல் அரே சைஸ் என்ற பண்புக்குப் படிக்கக் கிடைக்கும் பரப்பு என்றே பொருள் வரையறுத்திருக்கிறது. ஒளி மறைத்த பிக்சல்களும் படத்துக்கு ஏற்காத பிக்சல்களும் படத்துக்குரிய பிக்சல்களும் அதில் அடக்கம்.

2025 மே 7, புதன்கிழமை

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டதால் மாடி அறை நண்பகலில் உலைபோல் ஆகிறது. ஒளி மறைத்த பிக்சல்களைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான பருவம் கிடைக்காது.

லென்ஸை மூடி, அதன்மேல் கறுப்புத் துணியைச் சுற்றி, இருட்டுப் படம் ஒன்று எடுத்து, சென்சாரின் எண்களை மாற்றாமல் வைத்திருக்கும் ரா கோப்பைத் திறந்து எண்களை வரிசையாகப் பார்த்தேன். வெளிச்சமே படாத படத்தில் எல்லாம் சுழியமாக இருக்கும் என்றுதான் மாணவர்கள் எதிர்பார்ப்பார்கள். ஆனால் 0 முதல் 1,023 வரை போகும் பத்து பிட் அளவில், 64ஐ ஒட்டியே எண்கள் நிற்கின்றன: 63, 65, 64, 62, 66 என்று மேலும் கீழும் சிறிது ஆடுகின்றன. சென்சார் வேண்டுமென்றே கறுப்பை 64இல் நிறுத்துகிறது. சுழியத்தில் நிறுத்தினால், இரைச்சலால் கீழே போகும் எண்கள் எல்லாம் சுழியத்திலேயே வெட்டுப்பட்டு, இருண்ட பகுதிகளின் சராசரி உண்மையைவிட மேலே ஏறிவிடும்.

இந்த 64ஐ நிலையாக வைத்திருப்பதற்குத்தான் ஒளி மறைத்த பிக்சல்கள் தேவைப்படுகின்றன. அவற்றின்மேல் உலோகப் படலம் இருப்பதால் வெளிச்சம் உள்ளே புகாது. ஆயினும் வெப்பத்தால் சிலிக்கானில் எழும் இருள் மின்னோட்டம் மற்றப் பிக்சல்களில் ஏறுவது போலவே அவற்றிலும் ஏறும். வெப்பநிலை ஏறத்தாழ ஆறு முதல் எட்டு டிகிரி செல்சியஸ் உயரும்போது அந்த மின்னோட்டம் இரட்டிப்பாகிறது. மூடிய பிக்சல்கள் காட்டும் எண்ணைக் கொண்டு, திறந்த பிக்சல்களில் எவ்வளவு வெப்பத்தால் வந்தது என்று கணித்துக் கழித்துவிடலாம்.

மென்பொருள் எழுதுபவர் இதைக் கழிக்க மறந்தால் கேடு உடனே கண்ணுக்குத் தெரியும். வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் வெண்மைச் சமநிலைக்காகச் சிவப்பையும் நீலத்தையும் பச்சையைவிட அதிகமாகப் பெருக்கும்போது, கழிக்கப்படாத 64உம் சேர்ந்து பெருகுவதால், நிழல் விழுந்த இடங்களில் ஊதா படர்ந்துவிடும். ராஸ்பெர்ரி பையின் அமைவுக் கோப்பில் ஐஎம்எக்ஸ்219க்குக் கறுப்பு அளவு 4,096 என்று எழுதியிருப்பதும் இதே 64தான். அங்கே பதினாறு பிட் அளவில் எழுதியிருக்கிறார்கள். எண்ணை எந்த அளவில் எழுதுகிறோம் என்று பக்கத்திலேயே குறிக்காத அட்டவணையைக் கையேட்டில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

ஆவணத்தில் இத்துடன் இன்னொன்றும் வேண்டும். சில சென்சார்கள் ஒளி மறைத்த வரிகளைப் படத்தோடு சேர்த்தே அனுப்பும். சில, கணக்கை உள்ளேயே முடித்துக்கொண்டு, வரிகளை வெளியே காட்டாது. மென்பொருளால் படிக்க முடிந்தவற்றை மட்டுமே லிப்கேமராவின் ஆப்டிகல் பிளாக் செவ்வகங்களில் பட்டியலிட வேண்டும். மேலே ஒரு பட்டை, இடப்பக்கம் ஒரு பட்டை என்று அவை பிரிந்து கிடக்கக்கூடும் என்பதால்தான் அந்தப் பண்பு ஒரே செவ்வகமாக இல்லாமல் செவ்வகங்களின் வரிசையாக இருக்கிறது.

2025 மே 9, வெள்ளிக்கிழமை

இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டிய பகுதிக்கு இன்று வந்தேன்.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில், கேமராக்களுக்கான வீடியோ ஃபார் லினக்ஸ் 2 இடைமுகத்தில் சென்சாரின் பரப்பைக் கேட்டறிய நான்கு பெயர்கள் உள்ளன. நேட்டிவ் சைஸ் என்பது முழுப் பரப்பு. அதன் இடது, மேல் எண்கள் எப்போதும் சுழியம். கிராப் பவுண்ட்ஸ் என்பது எந்த வெட்டுச் செவ்வகமும் தாண்டக் கூடாத எல்லை. கிராப் டிஃபால்ட் என்பது கறுப்புப் பிக்சல்கள் போன்றவற்றை விலக்கி முழுக் காட்சியை அடக்கும் செவ்வகம். வெறும் கிராப் என்பது இந்த நேரத்தில் உண்மையில் வெட்டப்படும் பகுதி. ஐஎம்எக்ஸ்219 டிரைவரில் பவுண்ட்ஸும் டிஃபால்ட்டும் ஒரே விடையைத் தருகின்றன: இடது 8, மேல் 8, அகலம் 3,280, உயரம் 2,464. ஆகவே அந்த எட்டுப் பிக்சல் விளிம்பு இருப்பதாக டிரைவர் ஒப்புக்கொள்கிறது, ஆனால் அதைப் படிக்க வழிவிடுவதில்லை.

இனி 1,920 × 1,080 படத்தைப் பார்ப்போம். அடுத்தடுத்த பிக்சல்களை ஒன்றாக இணைக்காமல் நடுப்பகுதியை மட்டும் வெட்டித் தரும் முறை இது. டிரைவரின் கணக்கில் இந்த வெட்டின் தொடக்கம் 688, 700 என்று இருக்கிறது. ராஸ்பெர்ரி பையின் கேமராப் பட்டியல் கட்டளையை ஓட்டினால், அதே முறைக்கு எதிரே 680, 692 என்று அச்சாகிறது. இரண்டும் சரிதான், இரண்டும் சென்சாரின் ஒரே பிக்சலைத்தான் காட்டுகின்றன. முன்னது முழுப் பரப்பின் மூலையிலிருந்து அளந்தது; பின்னது படத்துக்குரிய பரப்பின் மூலையிலிருந்து அளந்தது. (3,280 − 1,920) ÷ 2 = 680; அதனோடு விளிம்பு 8ஐச் சேர்த்தால் 688. உயரத்துக்கும் இதே கணக்குதான்.

இதனால்தான் ஆதிப்புள்ளி எது என்று சொல்லாத செவ்வகத்தை நான் தகவலாகவே ஏற்பதில்லை. நான்கு எண்களைத் தருபவர் ஐந்தாவதாக ஒன்றையும் தர வேண்டும்: எந்த மூலையிலிருந்து அளந்தார் என்பதை. அதைத் தராததால் ஒருவர் பரப்பின் அளவைப் பவுண்ட்ஸிலிருந்தும் செவ்வகத்தின் இடத்தை நேட்டிவ் பரப்பிலிருந்தும் எடுத்துச் சேர்த்துவிட்டால், 3,280 அகலமுள்ள பரப்புக்குள் 8இல் தொடங்கி 3,280 அகலம் கொண்ட செவ்வகம் வந்து உட்காரும். 8 + 3,280 = 3,288. செவ்வகம் தன் பரப்புக்கு வெளியே எட்டுப் பிக்சல் நீட்டிக்கொண்டு நிற்கும். மாணவர்கள் எந்த ஆவணத்தைப் படித்தாலும் முதலில் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அத்தியாயத்தில் தனிப் பத்தியாக எழுதிவிட்டேன்.

ஆண்ட்ராய்டின் கேமரா இடைமுகத்தில் இது தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. படத்துக்குரிய பரப்பைக் குறிக்கும் ஆக்டிவ் அரே செவ்வகத்தின் இடம் முழுப் பிக்சல் பரப்பிலிருந்து அளக்கப்படுகிறது. பெரிதாக்குவதற்கான வெட்டுச் செவ்வகமோ ஆக்டிவ் அரேயின் மூலையைச் சுழியமாகக் கொண்டு அளக்கப்படுகிறது. இரண்டு ஆதிப்புள்ளிகள் இருப்பதில் தவறில்லை. எது எங்கே என்று அவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

2025 மே 13, செவ்வாய்க்கிழமை

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பேருந்தில் வரும் மாணவி வரைவைப் படித்துவிட்டு, "அக்கா, எட்டு பிக்சல் தள்ளிப்போனா என்ன ஆகப்போகுது? படத்தைப் பாத்தா யாருக்கும் தெரியாதே?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி, ஆகவே விடையையும் அத்தியாயத்திலேயே சேர்த்தேன்.

யாருக்கும் தெரியாமல் போவதற்குக் காரணம் எட்டு இரட்டைப்படை எண்ணாக இருப்பதுதான். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயருக்கு 1976இல் காப்புரிமை வழங்கப்பட்ட நிற வடிப்பான் அமைப்பில், ஒரு வரியில் சிவப்பும் பச்சையும் மாறி மாறியும், அடுத்த வரியில் பச்சையும் நீலமும் மாறி மாறியும் வருகின்றன. இரண்டு பிக்சலுக்கு ஒருமுறை அமைப்பு திரும்பி வருவதால், இரட்டைப்படையாக எவ்வளவு நகர்ந்தாலும் நிறம் மாறாது. விளிம்பு ஏழாகவோ ஒன்பதாகவோ இருந்திருந்தால் அந்தத் தவறு முதல் படத்திலேயே முகத்தில் அறைந்திருக்கும்.

அவளுக்குக் காட்டுவதற்காக, புதுச்சேரி கடற்கரைப் பகுதியின் மஞ்சள் சுவர் ஒன்றையும் அதன்மேல் சாய்ந்திருக்கும் காகிதப்பூச் செடியையும் எடுத்த ரா கோப்பை வைத்துக்கொண்டேன். வெட்டின் தொடக்கத்தை இடப்பக்கம் மட்டும் ஒரு பிக்சல் நகர்த்தி, நிற வரிசையை மாற்றாமல் விட்டால், பச்சை அளந்த எண்களைச் சிவப்பு, நீலம் என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. இலைகள் எல்லாம் அடர்ந்த ஊதாச் சிவப்பாகிவிட்டன. மேலேயும் ஒரு பிக்சல் நகர்த்தியபோது சிவப்பும் நீலமும் இடம் மாறி, மஞ்சள் சுவர் நீலச் சுவராக நின்றது. வெண்மையான சட்டங்கள் மட்டும் வெண்மையாகவே இருந்ததால், எங்கே கோளாறு என்று அவளே சொல்லிவிட்டாள்.

படத்தைத் திருப்பும்போதும் இதே விளைவு உண்டு. ஐஎம்எக்ஸ்219 இயல்பு நிலையில் சிவப்பில் தொடங்குகிறது. கிடைமட்டமாகத் திருப்பினால் சிவப்பு வரியின் பச்சையிலும், செங்குத்தாகத் திருப்பினால் நீல வரியின் பச்சையிலும், இரண்டையும் திருப்பினால் நீலத்திலும் தொடங்கும். டிரைவர் நான்கு வடிவங்களுக்கும் தனித்தனிக் குறியீடு வைத்திருப்பது இதனால்தான்.

நுண்ணோக்கியில் கேமராவைப் பொருத்துபவர்களுக்கு எட்டுப் பிக்சல் பெரிது என்பதையும் சேர்த்தேன். அளவுகோலை ஒரு முறையில் பதிவு செய்து வேறு முறையில் பயன்படுத்தினால், பொருளின் இடம் முழுவதும் தள்ளிப்போகும்.

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை

படத்துக்குரிய பரப்பு ஒரே செவ்வகமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. லிப்கேமரா அதைச் செவ்வகங்களின் வரிசையாக வைத்திருப்பதற்கான காரணத்தை விளக்க, 2008இல் வந்த பானசோனிக் எல்எக்ஸ்3 கேமராவைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அதில் 4:3 படம் 3,648 × 2,736. 3:2 படம் 3,776 × 2,520. 16:9 படம் 3,968 × 2,232. அகலம் கூடக்கூட உயரம் குறைகிறது. லென்ஸ் சென்சாரின்மேல் விழச்செய்யும் படம் வட்டமானது. அந்த வட்டத்துக்குள் ஒவ்வொரு விகிதத்திலும் பொருந்தக்கூடிய மிகப் பெரிய செவ்வகத்தை எடுப்பதால் மூலைவிட்டம் ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் சிலுவையை ஒத்த உருவம் கிடைக்கிறது. மூன்றையும் அடக்கும் 3,968 × 2,736 செவ்வகத்தை "படத்துக்குரிய பரப்பு" என்று ஓர் ஆவணம் எழுதினால், அதன் நான்கு மூலைகளும் அந்த வட்டத்துக்கு வெளியே விழும். அந்த அளவில் அந்தக் கேமரா எந்தப் படத்தையும் தருவதில்லை.

லிப்கேமரா விதிப்படி இத்தகைய சென்சாருக்கு மூன்று செவ்வகங்களையும் தர வேண்டும். உயரமானதில் தொடங்கி அகலமானதில் முடிக்க வேண்டும். ஒரே விகிதத்தில் மட்டும் படம் தரும் சென்சாருக்கு ஒரு செவ்வகம் போதும், மற்ற விகிதங்கள் எல்லாம் அதிலிருந்து வெட்டி எடுக்கப்படுகின்றன.

2025 மே 21, புதன்கிழமை

கடைசியாக மீந்திருந்தது லிப்கேமராவின் ஸ்கேலர் கிராப். சென்சார் தரும் பரப்பில் எந்தப் பகுதியைப் பெரிதாக்கி முழுப் படமாக்க வேண்டும் என்று நிரல் எழுதுபவர் சொல்வது இதன் வழியாகத்தான். இதன் இடம் படத்துக்குரிய பரப்பின் மூலையிலிருந்து அளக்கப்படுகிறது. இதன் அலகு எப்போதும் சென்சாரின் சொந்தப் பிக்சல். சென்சார் இரண்டுக்கிரண்டாகப் பிக்சல்களை இணைத்து அனுப்பினாலும் இந்த அலகு மாறாது.

ஐஎம்எக்ஸ்219இல் மாணவர்கள் தடுமாறப்போகும் இடம் இது. இணைத்த முறையில் படம் 1,640 × 1,232. அதை இரண்டு மடங்கு பெரிதாக்க வேண்டுமென்றால், ஸ்கேலர் கிராப்பில் தொடக்கம் 820, 616 என்றும் அளவு 1,640 × 1,232 என்றும் எழுத வேண்டும். படத்தின் முழு அளவும் வெட்டின் அளவும் ஒரே எண்ணாக வந்துவிடுவதால், எதையும் வெட்டவில்லை என்று தோன்றும்; உண்மையில் அந்தச் செவ்வகத்துக்குள் இணைத்த பிக்சல்கள் 820 × 616 மட்டுமே இருக்கின்றன. அதைத்தான் மென்பொருள் விரித்து முழுப் படமாக்குகிறது. இந்தக் கணக்கை முழுமையாகப் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் "சொந்தப் பிக்சல்", "இணைத்த பிக்சல்" என்று எழுதினேன். பக்கம் நெருக்கமாகத் தெரிகிறது என்று வடிவமைப்பாளர் சொன்னார். அலகை எடுக்கச் சம்மதிக்கவில்லை, எழுத்தின் அளவைச் சிறிதாக்கிக்கொள்ளச் சொன்னேன்.

அத்தியாயத்தை மாலையில் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். படங்கள் வரைவது மட்டும் பாக்கி. திருப்பாதிரிப்புலியூர் மாணவி வரைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு செவ்வகத்தையும் அது எந்த மூலையிலிருந்து அளக்கப்பட்டதோ அந்த மூலையோடு அம்புக்குறியால் இணைக்க வேண்டும் என்று அவளிடம் கேட்டிருக்கிறேன்.