முகிலின் விதை
இன்று பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டில் நின்றேன். பாலையும் வீரையும் அடர்ந்த காட்டுக்கு மேலே இடிமுகில் திரண்டு எழும்பியது.

வெறும் நீராவி முகிலாகாது. ஒவ்வொரு முகில்துளிக்கும் முதலில் ஒரு துகள் வேண்டும். அப்படியான துகள்களில் ஏறத்தாழப் பாதி காற்றிலேயே பிறக்கின்றன. அமேசன் காட்டில் கண்டதைப் பாருங்கள்: மரங்கள் விடும் ஐசோப்பிரீன் ஆவியை இராத்திரியில் இடிமுகில் 10 கிலோமீட்டருக்கும் மேலே தூக்கிப்போகும். விடிந்து வெயில் பட்டதும் அது வேறு சேர்வைகளாக மாறி, அந்த உறைகுளிரில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் துகளாகும். மின்னல் உண்டாக்கும் நைதரசன் ஒட்சைட்டுகளும் இதற்குக் கைகொடுக்கும்! பிறக்கும்போது துகள் 1, 2 நானோமீட்டர்தான் (ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). 50 அளவுக்கு வளர்ந்தால், அப்புறம் தண்ணீர் அதில் படியும்.

பார்த்துக்கொண்டு நிற்கவே காட்டுக்குள் மரம் அரியும் சத்தம். முதிரையாக இருக்கும். நெஞ்சு பதறிவிட்டது.