கொள்ளிடம் என்று எழுத மூன்று மாதம்: என் ஆவணப்படத்துக்கு டைட்டில் மென்பொருள் தேடிய கதை

அணைக்கரைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை வைத்து, என் ஆவணப்படத்தை அதில் பேசியவர்களுக்கே போட்டுக் காட்டினேன். கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையில் திரும்பி, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகும் பாதையில் வாழ்கிறவர்களைப் பற்றிய 48 நிமிடப் படம். முதலில் பேசுகிறவர் எழுபதைத் தாண்டிய விவசாயி. அவர் முகம் வந்ததும் கீழே அவர் பெயர் வர வேண்டும். வந்தது, ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளிகளுமாக. "தம்பி, எம் பேரை எதுக்கு இங்கிலீஷ்ல போட்டீங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அது ஆங்கிலமும் இல்லை என்று எப்படிச் சொல்வது? படத்தில் 63 பெயர்ப்பட்டைகள். அறுபத்து மூன்றும் அப்படித்தான் இருந்தன.

இது எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன். மென்பொருள் தேர்ந்தெடுக்கும்போது எல்லாரும் பார்ப்பதைத்தான் நானும் பார்த்தேன்: எத்தனை எஃபெக்ட், எத்தனை ஆயத்த டைட்டில், என் கம்ப்யூட்டர் தாங்குமா, விலை என்ன. தமிழ் வருமா என்று பார்க்கத் தோன்றவே இல்லை. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தட்டினால் எங்கும் வரும் என்று நினைத்திருந்தேன். படம் முழுக்க வெட்டி முடித்து, டைட்டிலில் 'கொள்ளிடம்' என்று தட்டியபோதுதான் தெரிந்தது. 'க' தனியாக நின்றது. அதற்கு முன்னால் இருக்க வேண்டிய கொம்பு பின்னால் வந்து காலோடு சேர்ந்து கிடந்தது. 'ளி'யின் சுழி ளகரத்தோடு ஒட்டவில்லை.

காரணம் இதுதான். யூனிகோடில் 'கொ' சேமிக்கப்படுவது முதலில் க, அப்புறம் ஒகரக் குறி என்ற வரிசையில். கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் கொண்டுபோய் வைப்பது எழுத்தை வரையும் நிரலின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருள், வந்த வரிசையிலேயே வரைந்துவிடும். எழுத்துருவை மாற்றினால் சரியாகும் என்று நான் இரண்டு நாள் பத்து எழுத்துருக்களை மாற்றிப் பார்த்தேன். அந்த நாட்கள் வீண். எழுத்துருவில் குற்றமே இல்லை.

கோடம்பாக்கத்தில் ஒரு எடிட்டிங் ஸ்டுடியோவைப் பற்றி நண்பர் சொன்னார். ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கும்பகோணத்திலிருந்து இரவு ரயிலில் போனேன். அங்கிருந்த இளைஞர் பார்த்தவுடனே சொன்னார்: "சார், இதுக்கெல்லாம் பாமினிதான். கன்வெர்ட் பண்ணி ஒட்டிடலாம்." இரண்டு நாள் வாடகை கட்டி எல்லாப் பட்டைகளையும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினோம். திரையில் அழகாகவே வந்தது. ஏனென்றால் பாமினியில் மென்பொருள் நினைத்துக்கொண்டிருப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். எழுத்துரு மட்டும் அவற்றைத் தமிழ் உருவத்தில் காட்டுகிறது. புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் உள்ளே இருப்பது அரைப்புள்ளி.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவு, ஒரு காட்சியைச் சுருக்கிவிட்டு லாட்ஜில் உட்கார்ந்து லேப்டாப்பிலேயே ரெண்டர் போட்டேன், அதாவது முழுப் படத்தையும் ஒரே வீடியோ கோப்பாக எடுத்தேன். அந்த லேப்டாப்பில் பாமினி இல்லை. கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். அதில் பெயர்ப்பட்டை எதுவும் கிடையாது. மறுநாள் திண்ணையில் நடந்ததுதான் மேலே சொன்னது.

பாமினியில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒருவரின் பெயரில் முதலெழுத்து தவறு என்று தெரிந்தால், புராஜெக்டில் தமிழில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதே பெயர்களை நன்றிப் பட்டியலுக்கோ போஸ்டருக்கோ எடுத்தால் திரும்பவும் மாற்ற வேண்டும். அவசரத்துக்கு ஒரே ஒரு டைட்டில் என்றால் சரி. முழுப் படத்துக்கும் அதை நம்பாதீர்கள்.

வீடு திரும்பியதும் ஒரு சோதனை வரி எழுதி வைத்தேன்: 'கொள்ளிடம் கௌரி டூடி மூக்கு ஸ்ரீ க்ஷ'. அர்த்தம் தேட வேண்டாம்; உடையக்கூடிய எல்லாமே அதில் இருக்கிறது. எந்த மென்பொருளை நிறுவினாலும் முதலில் இதைத்தான் தட்டுகிறேன். திரையில் சரியாக வந்தால் போதாது, ஐந்து விநாடி ரெண்டர் எடுத்து வேறொரு போனில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பிரீமியர் ப்ரோ என்ற எடிட்டிங் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. விருப்பத்தேர்வுகளில் எழுத்து எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. அங்கே 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்பதை வையுங்கள், தமிழ் ஒழுங்காக வரும். இது தெரியாமலேயே பல வருடம் பாமினியில் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அந்தப் பக்கம் போகாததற்குக் காரணம் சந்தா. வருடத்துக்கு ஒரு படம்கூட முடிக்காதவனுக்கு மாதாமாதம் பணம் கட்டுவது கட்டுப்படியாகாது. ஐந்து வருடம் கழித்தும் இந்தப் புராஜெக்டைத் திறக்க முடிய வேண்டும் என்பது எனக்கு முக்கியம்.

கடைசியில் கை கொடுத்தது டைட்டில் மென்பொருளே அல்ல. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருள். அது எழுத்தை அடுக்கப் பேங்கோ என்ற நிரலகத்தைப் பயன்படுத்துகிறது. என் சோதனை வரி முதல் தடவையிலேயே பிழையில்லாமல் வந்தது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். 1920-க்கு 1080 அளவில் ஒரு மாதிரிப் பட்டை வரைந்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து டைம்லைனில் மேல் அடுக்கில் வைத்தால் முடிந்தது. எழுத்தே படமாகிவிட்டதால் எந்தக் கம்ப்யூட்டரில் ரெண்டர் போட்டாலும் உடையாது.

இன்னும் நல்லது ஒன்று. இங்க்ஸ்கேப்பின் எஸ்விஜி கோப்பு உள்ளுக்குள் வெறும் எழுத்துக் கோப்புதான். அக்கா மகன் ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதிக் கொடுத்தான். பெயர்களை ஒரு அட்டவணையில் வைத்தால், மாதிரிப் பட்டையில் ஒவ்வொன்றாகப் பொருத்தி 63 படங்களையும் அதுவே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. கோடம்பாக்கத்தில் இரண்டு நாள் ஆன வேலை, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்தது.

இதிலும் இரண்டு இடத்தில் அடிபட்டேன். முதல் முறை, அசையும் பட்டை ஒன்றை எச்.264 எம்பி4 ஆக எடுத்தேன். பின்னணி கறுப்பாக வந்தது. அந்த வகைக் கோப்பில் ஆல்ஃபா, அதாவது எந்த இடம் ஒளிபுகும் என்று சொல்லும் தகவல், தங்காது. ப்ரோரெஸ் 4444 என்ற வீடியோ வகையில் எடுங்கள், இல்லாவிட்டால் ஃபிரேமுக்கு ஒரு படமாகப் பிஎன்ஜி வரிசையாக. அடுத்தது, வெள்ளை எழுத்தின் விளிம்பு தடித்து, பல் பல்லாக வந்தது. பிஎன்ஜியில் ஆல்ஃபா 'ஸ்ட்ரெய்ட்' வகை, நிறம் அப்படியே இருக்கும். எடிட்டிங் மென்பொருள் அதை 'ப்ரீமல்டிப்ளைட்', அதாவது நிறத்தை ஆல்ஃபாவால் ஏற்கெனவே பெருக்கியாயிற்று, என்று எடுத்துக்கொண்டிருந்தது. கிளிப்பின் அமைப்பில் மாற்றியதும் விளிம்பு சரியாகிவிட்டது.

எழுத்து எழுத்தாகத் தோன்றும் டைப்ரைட்டர் அசைவைத் தமிழுக்குப் போடாதீர்கள். 'கொ' வரும்போது முதலில் 'க' மட்டும் தெரியும், பிறகு அது வலப்பக்கம் தள்ளிப்போய் இடப்பக்கத்தில் கொம்பு முளைக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு உறுத்தும். சொல் சொல்லாகக் கொண்டுவாருங்கள், அல்லது ஒரு திரை விலகுவதுபோல் மொத்த வரியையும் திறந்துவிடுங்கள்.

மெல்லிய எழுத்துருவும் வேண்டாம். வீடியோ சுருக்கத்தில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். என் பழைய லேப்டாப்பில் நன்றாகத் தெரிந்த புள்ளிகள் போனில் மறைந்துவிட்டன. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, முக்தா மலரின் அரைத் தடிமனை எடுத்தேன். இரண்டுமே திறந்த உரிமம் உள்ளவை. படத்தில் பயன்படுத்தத் தடையில்லை.

எஃபெக்ட் பக்கம் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆவணப்படத்துக்குத் தேவைப்படுவது கொஞ்சம்தான்: பழைய புகைப்படத்தின் மேல் மெதுவாக நகர்வது, கேமரா ஆட்டத்தைக் குறைப்பது, முகத்தை மறைப்பது. ராத்திரி மதகுக் காட்சிகளில் இருந்த புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்கத்தான் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் ஸ்டுடியோ பதிப்பை வாங்கினேன், 295 டாலர், ஒரே தடவை கட்டணம். பல ஃபிரேம்களை ஒப்பிட்டு இரைச்சலை நீக்கும் வசதி இலவசப் பதிப்பில் கிடைக்காது. ஆற்றுப் பாதை வரைபடத்தைக் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத் தரவிலிருந்து எடுத்து, ஊர்ப் பெயர்களை மட்டும் இங்க்ஸ்கேப்பில் போட்டேன். அந்தத் தரவைப் பயன்படுத்தினால் ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு நன்றி போட்டே ஆக வேண்டும், மறக்காதீர்கள். சப்டைட்டில் கோப்பை, யூனிகோடைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். ஒரு தடவை கவனிக்காமல் விட்டு, தமிழ் வரி முழுக்கக் கேள்விக்குறியாக வந்தது எனக்கு.

போன வாரம் திரும்ப அதே திண்ணைக்குப் போனேன். இந்த முறை முந்தின நாளே முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். பெரியவர் தன் பெயரை வாய்விட்டுப் படித்தார். அப்புறம், "ஊர்ப் பேரையும் கீழ போடலாமே தம்பி, வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாதில்ல" என்றார். அங்கேயே அட்டவணையில் ஊருக்கென்று ஒரு பத்தி சேர்த்து, அவர் பேத்தி எழுத்துப் பிழை பார்க்க, 63 பேருக்கும் போட்டுவிட்டு வந்தேன்.